நாத்தனாரின் உயரம்

போன வருடம் மழைக்காலத்தில், எங்கள் தீவில் கராச்சர்மா நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. வலது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வீடுவரை நடந்தும் வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வீங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது என்று ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டார்கள்.

கட்டைவிட எனக்குக் கலக்கமாக இருந்தது, என் கணவர் இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பே ஊருக்குப் போன் போட்டுத் தன் அக்காவை வரச் சொன்னதுதான்.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதின்வயதில் குடும்பத்தோடு இந்தியா வந்து, பிறகு அரசாங்கத்தால் இந்தத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டவர். ஹட் பே பாமாயில் தோட்டத்தில் குலை சுமந்தே தம்பியைப் படிக்கவைத்தார். நானோ அபர்டீன் பஜாரில் கடை வைத்திருந்தவரின் மகள், அரசாங்க ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள். அண்ணி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனாலும் அவர் எதிரில் நின்றாலே நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று எனக்கே தோன்றும்.

மூன்றாம் நாள் கப்பலில் வந்து இறங்கினார். வந்த கையோடு அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார், சேலைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். முதல் நாள் கூச்சத்தில் நெளிந்தேன். “சும்மா நில்லு புள்ள, நான் என்ன வேத்தாளா?” என்றார். அதன்பிறகு நெளியவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது அண்ணியும் கூட வந்தார். டாக்டர் இளம்பெண், இந்தியில்தான் பேசினார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கெல்லாம் எலும்பு முறியக் கூடாது, அதனால்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தேன், உங்களுக்கு வைட்டமின் டி மிகவும் குறைவு என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தத் தீவில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்டேன். வெயில் இருந்தால் போதாது, உடம்பில் பட வேண்டும், காலையிலிருந்து மாலைவரை ஆபீசுக்குள் இருந்திருக்கிறீர்கள், வெளியே வந்தால் குடை, வயதாக ஆகத் தோலும் முன்போல அந்த வைட்டமினைத் தயாரிக்காது என்று பொறுமையாகச் சொன்னார்.

அப்படிச் சொல்லும்போது டாக்டர் என்னைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சுவரோரம் நின்ற அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு வலிக்குமா என்று கேட்டார். ‘தோடா தோடா’, கொஞ்சம் கொஞ்சம்தான், வயதானால் வராதா என்றார் அண்ணி. முன்பு இதைவிட உயரமாக இருந்தீர்களா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கல்யாணப் போட்டோவில் அண்ணியின் நெற்றிக்குத்தான் நான் இருப்பேன். இப்போது என் பக்கத்தில் நின்றவரின் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. நான் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

அண்ணிக்கும் ரத்தம் எடுத்தார்கள், முதுகைப் படம் எடுத்தார்கள். அவருக்கும் வைட்டமின் குறைவுதான். தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் முள்ளுக்கும் பூச்சிக்கும் பயந்து முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மேலே பனையோலை நிழல். அதோடு முதுகெலும்பில் இரண்டு இடத்தில் எலும்பு நசுங்கியிருந்தது. இது பழைய முறிவு, எப்போது நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

அதை அண்ணி, மருந்துக்காக வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்.

“ஆறு வருசத்துக்கு முன்ன ஒங்களுக்குத் தேங்கா அனுப்புனேன்ல. கப்பல் ஏத்துற ஜெட்டில அந்த மூட்டையத் தூக்குறப்ப முதுகுல என்னமோ நொறுங்குன மாதிரி இருந்துச்சு. செத்த நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயி சோறாக்குனேன்.”

“ஏன் அண்ணி எங்ககிட்ட சொல்லல?”

“சுளுக்குன்னு நெனச்சேன். சுளுக்கப் போயி போன் போட்டா சொல்லுவாங்க?”

அந்தத் தேங்காய்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. இத்தனையை யார் உரிப்பது என்று கணவரிடம் சலித்துக்கொண்டவள் நான். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஹட் பேக்குப் போகும்போதெல்லாம் அண்ணியின் அடுப்படியில் டப்பாக்கள் கீழிறங்கியிருக்கும். மேல்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு, பிறகு தரைக்கு. வயதானதும் வீட்டை ஒழுங்காக வைக்க முடியவில்லை போல என்று நினைத்திருந்தேன். எட்டாமல் போனதால் இறக்கி வைத்திருக்கிறார் என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கு எங்கள் பேரைக் கூப்பிடுகிறார்களா என்று கவுண்டர் பக்கமே காது வைத்திருந்தார்.

அண்ணியிடம் நான் வியந்தது வலியைத் தாங்கியதை அல்ல. தெரிந்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை. மறுநாளே என்னை அழைத்துக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போனார். முதுகு நிமிருமா என்று கேட்டார். நிமிராது என்றார் டாக்டர். இதற்குமேல் குறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அடுத்துக் கேட்டார். வைட்டமின் மட்டும் எலும்பைக் காப்பாற்றாது, அது சரியான பிறகு எலும்புக்கென்று தனி மாத்திரை தொடங்க வேண்டும், சாப்பாட்டில் மீன், முட்டை, பால் வேண்டும், தினமும் நடக்க வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேல் விழாமல் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

எங்கள் இருவருக்கும் வைட்டமின் பொடி வாரத்துக்கு ஒரு பொட்டலம். கணவர், வாரத்துக்கு இரண்டாகச் சாப்பிட்டால் சீக்கிரம் தேறலாமே என்றார்.

“ஒரத்த ஒரே நாள்ல கொட்டுனா மரம் கருகிடும். தோட்டத்துல பாத்திருக்கேன். சொன்ன கணக்குலதான் போடணும்” என்றார் அண்ணி. பின்னர் நான் டாக்டரிடம் கேட்டபோது, இந்த வைட்டமின் உடம்பில் தங்கிவிடும், அளவு மீறினால் கெடுதல்தான் என்றார்.

கட்டு இருந்த மீதி வாரங்களில் தினமும் காலை வெயில் ஏறியதும் இருவரும் தெருமுனைவரை நடந்தோம். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் பேசாததை அந்த நடையில் பேசினோம். ஒருநாள், “நீ படிச்ச புள்ள, எங்கள மதிப்பியோ மாட்டியோன்னு எனக்குப் பயம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பயத்தை நானும் சொன்னேன்.

கட்டு பிரித்தார்கள். கை லேசாகக் கோணலாக இருந்தாலும் வேலைக்கு உதவியது. அண்ணி ஊருக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்த முதல் வாரமே தோட்டத்தில் கூட வேலை செய்த நான்கு பெண்களை அங்கிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். யார் யார் சேலை முன்பைவிடத் தரையில் அதிகமாகப் புரள்கிறதோ அவர்களைத்தான் தேர்ந்தெடுத்தாராம். அதில் ஒரு வங்காளி அம்மாவுக்கு இவரைப் போலவே முதுகெலும்பு நசுங்கியிருந்தது.

எலும்பு மாத்திரையை வாரத்துக்கு ஒருநாள் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அண்ணிக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாவுக்கும் ஞாயிறாகவே மாற்றிவிட்டார். இருவரும் மாத்திரை போட்டுக்கொண்டு ஜெட்டி ரோட்டில் நடக்கிறார்கள்.

போன மாதம் போட்ட போனில், இந்த வருடப் படத்தில் புதிதாக முறிவு ஏதும் இல்லை என்று சொன்னார். சந்தோஷமாக இருக்கிறது அண்ணி என்றேன். அந்த அம்மா வாசலில் காத்திருக்கிறார், வெயில் உச்சிக்குப் போவதற்குள் நடந்துவிட்டு வருகிறோம் என்று போனை வைத்துவிட்டார்.