கண்டெய்னர் லாரிகள் மறித்த பாட்டு வகுப்பு

வெட்கத்தால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். காது கேளாத என் மகளைப் பிள்ளைகள் கேலி செய்ததால், அவளைப் பாட்டு வகுப்பிலிருந்து நிறுத்தத் திருவொற்றியூர் பள்ளிக்குப் போனேன். நான் உள்ளே போனதும் கண்டெய்னர் லாரிகள் வாசலை அடைத்துவிட்டன. தூசிக்காக ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். வெளியே போக வழியில்லாமல், அம்மனை வேண்டிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்தேன்.

பாட்டு வாத்தியார் ஒல்லியான மனிதர். பேசும்போதும் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஹாரன் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"என் மூஞ்ச இன்னாடா பாக்குற? அவ கைய பாரு!" என்று ஒரு பையனை அதட்டினார்.

அவர் தட்டிய அதிர்வை, பெஞ்சில் வைத்த உள்ளங்கையில் வாங்கி, மறு கையால் என் மகள் தாளம் காட்டினாள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடினார்கள்.

"இவளுக்குப் பாட்டு எதுக்கு சார்?" என்றேன்.

"நீ இட்டுகினு போய்ட்டா இதுங்க தாளம் தப்பிடும்மா."

அவளை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன். அவர் என்னை ஏன் திட்டவில்லை என்று இன்றும் தெரியவில்லை. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நிறுத்த வந்தவள் பெற்ற தாய் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.