முன்வாசல் வழியாக வந்த காயல்

காலை ஐந்தரை மணிக்குத் தாராபுரத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். 1981ஆம் வருடம், கார்த்திகை மாதம், வளர்பிறை எட்டாம் நாள். திதியை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் உங்களுக்கே விளங்கும். பஸ் சார்ஜ் ஆறு ரூபாய் இருபது பைசா. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, கரணை, தூக்குக்குண்டு, உளி, சுத்தியல். நான் எட்டாம் வகுப்போடு நின்ற கொத்தனார். என் எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளைகளே, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயம் கண்ணால் பார்த்தது.

என் தங்கை மெகருன்னிசாவைக் கொச்சிப் பக்கம் மட்டாஞ்சேரியில் கட்டிக்கொடுத்து அப்போது இரண்டு வருடம். மாப்பிள்ளை காதர் பொள்ளாச்சிக்காரர். மட்டாஞ்சேரியில் அரிசி மண்டியிலும் மிளகுக் கிடங்கிலும் கிழிந்துபோன சாக்குகளை வாங்கி, தைத்து, திரும்ப விற்கிற தொழில். வீடு காயலின் விளிம்பில். தங்கைக்கு ஆறாம் மாதம். "வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது அண்ணே. இங்கே பிள்ளை வளர்க்க முடியாது. நான் ஊருக்கே வந்துவிடுகிறேன்" என்று அவள் எழுதியிருந்தாள். அதே உறைக்குள் காதர் ஒரு துண்டுத் தாள் வைத்திருந்தார். "மச்சான், பின்வாசலை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் வராது. நீங்கள் வந்து பார்த்து முடிவு சொல்லுங்கள். கூட்டிப்போவதென்றால் தடுக்க மாட்டேன்." அவருக்குத் தொழில் அங்கே. இவள் இங்கே வந்துவிட்டால் பிறக்கப்போகிற பிள்ளை தகப்பனை எப்போதாவதுதான் பார்க்கும். என் மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று மெகருவுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டுத்தான் என்னை அனுப்பினாள்.

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரயிலில் பாலக்காடு தாண்டியதும் வெளியே நிறம் மாறிவிட்டது. எங்கே பார்த்தாலும் தண்ணீர், குளம், வாய்க்கால். எதிரில் இருந்தவர் ஒரு வாழைப்பழ வியாபாரி. என் பையிலிருந்த கரணையைப் பார்த்துவிட்டு, "கொச்சிக்கு வீடு கட்டவா?" என்று கேட்டார். தண்ணீரைத் தடுக்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார்.

மாலை நாலரைக்கு எர்ணாகுளம் படகுத்துறை. மட்டாஞ்சேரிக்கு முப்பது பைசா டிக்கெட். காயல் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம் ஏரி மாதிரி பரந்து கிடக்கும். ஆனால் அதன் வாய் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். கிழக்கே ஆறுகள் வந்து விழும். கடல் ஏறினால் இதுவும் ஏறும், கடல் இறங்கினால் இதுவும் இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். படகு வெலிங்டன் தீவை ஒட்டிப் போனது. துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டியே அந்தத் தீவை உண்டாக்கினார்களாம். கப்பல் நிற்கிற ஆழத்தையும் மனிதன் தோண்டி, அந்த மண்ணிலேயே ஊரையும் வைத்துவிட்டான் என்றால், ஒரு பின்வாசலை அடைக்க என்னால் ஆகாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மட்டாஞ்சேரித் துறையில் இறங்கினால் மிளகும் சுக்கும் மீனும் சேர்ந்த ஒரு வாசனை. கிடங்குகளின் முன்பக்கம் கடைத்தெரு, பின்பக்கம் காயல். மூட்டைகள் பின்பக்கம் வள்ளத்தில் வந்து இறங்கி, முன்பக்கம் வண்டியில் ஏறிப் போகின்றன. வள்ளம் என்பது அவர்கள் ஊர்ப் படகு. காதரின் வீடும் சின்ன அளவில் அப்படித்தான். முன்வாசல் சந்தில், பின்வாசல் நான்கு கல்படியோடு தண்ணீரில். இடையில் ஒரு கூடம், ஓர் உள்ளறை, அடுப்படி. கூடம் முழுக்கப் பலகைமேல் சாக்குக் கட்டுகள்.

"பாருங்க மச்சான்," என்று காதர் சுவரில் ஒரு கறையைக் காட்டினார். "போன கார்த்திகையில இதுவரைக்கும் வந்துச்சு." கரண்டைக்கால் உயரம்.

"மழை பெரிசோ?"

"ஒரு சொட்டு இல்ல. வெயில் அடிச்சிக்கிட்டிருந்துச்சு. இங்க ஆடி மழையில வர்றதவிடக் கார்த்திகையிலதான் கூட வருது. விருச்சிக வேலியேற்றம்னு, அதாவது கார்த்திகை மாசத்துக் கடலேற்றம்னு சொல்றாங்க."

மழையில்லாமல் வெள்ளமா என்று எனக்கு ஆச்சரியம். அன்று மாலையும் மறுநாளும் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் ஏறியது, இறங்கியது, எல்லாம் ஒன்றரைப் படிக்குள். நம் ஊர்க் குளத்தில் கரைகட்டுகிற கணக்கு எனக்குத் தெரியும். நீர் வந்த உச்சத்துக்கு மேல் ஒரு முழம் உயர்த்தினால் போதும். சுவரில் இருந்த கறைக்கு மேல் ஒரு முழம் கணக்கு வைத்தேன். பின்வாசலின் குறுக்கே வெட்டுக்கல்லில் ஒரு தடுப்புச் சுவர். அடுப்படித் தண்ணீர் போகிற துவாரத்தையும் சிமெண்டு வைத்து அடைத்தேன்.

மணல் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ஔசேப்பு. சொந்த வள்ளம், அறுபது வயதுக்கு நல்ல தோள். "காயல் மணல் எடுக்கண்டா. உப்பு. ஆலுவா மணல் தராம்," என்று ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டினார். சுவரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேஸ்திரியே, இது எத்ர நாள் நிக்கும்?"

"நான் கட்டின சுவர் சேட்டா. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"நிக்கட்டே. வாவு வரட்டே. அப்போ பாக்காம்."

வாவு என்றால் பௌர்ணமியும் அமாவாசையும். வெளியூர்க்காரனைக் கேலி செய்கிறார் என்று விட்டுவிட்டேன். மெகருவும் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தினமும் அந்த வாசலில் உட்கார்ந்து மீன் கழுவுகிறவள். இப்போது காலைத் தூக்கித் தாண்ட வேண்டும்.

"தண்ணி வராதுல்லண்ணே?"

"வராது."

"வந்துச்சுன்னா நான் உங்களோட வந்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

காதர் ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பௌர்ணமியன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டேன். பாதம் சில்லென்று தண்ணீரில் இறங்கியது. விளக்கை ஏற்றிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். என் சுவர் அப்படியே நிற்கிறது. வெளியே காயல் அதன் பாதி உயரம்வரை வந்து மெல்ல மோதுகிறது. ஒரு சொட்டுக் கசிவில்லை. அப்படியானால் உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது?

"மச்சான், இங்க," என்று முன்பக்கத்திலிருந்து காதரின் குரல்.

சந்து முழுக்கத் தண்ணீர். காயல் ஏறியதும் ஊர்ச் சாக்கடைகள் எல்லாம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிவிடுமாம். நாங்கள் தடுத்த தண்ணீர் ஊரைச் சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்து, விருந்தாளி மாதிரி முன்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. போன வருடமும் அப்படித்தான் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்ததால் காதருக்குப் பின்பக்கம் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது.

இதைவிட மோசம் ஏழரை மணிக்கு. வெளியே தண்ணீர் இறங்கிவிட்டது. பின்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளியே தெரிகிறது. அண்டை வீடுகளில் தரை வடிந்து பெண்கள் கூட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கரண்டைக்காலுக்கு மேல் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அந்த வீட்டின் தரை காயல் பக்கம் சரிவு. எல்லாத் தண்ணீரும் பின்வாசலுக்கு வந்து, என் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அடுப்படித் துவாரத்தையும் நான் அடைத்துவிட்டேன். வெளியே போட வேண்டிய அணையை நான் உள்ளே போட்டிருக்கிறேன். சாக்குக் கட்டுகளில் அடிவரிசை ஊறத் தொடங்கியது. உப்புத் தண்ணீரில் ஊறிய சாக்கு நூல் இற்றுவிடும்.

ஔசேப்பு வள்ளத்தில் வந்து பின்படியில் நின்றார். சுவரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "காதரே, மீன் வளர்க்கான் கொள்ளாம்," என்றார், மீன் வளர்க்கலாம் என்று. பிறகு என்னிடம், "வெள்ளத்தினு வாதில் அடைக்கருது மேஸ்திரி. வந்த விருந்தாள் போகண்டே?" தண்ணீருக்குக் கதவை அடைக்கக் கூடாது, வந்தவர் திரும்பிப் போக வேண்டாமா என்கிறார்.

உளியை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று நாள் நனைத்துக் காய்ந்த கட்டு. என் கை வேலை நன்றாகத்தான் இருந்தது. அன்று அது கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம். முதல் கல் பெயர முக்கால் மணி நேரம் ஆனது. கல் விழுந்ததும் தண்ணீர் ஒரே இழுப்பாகப் படிகளில் இறங்கி ஓடியது. இருபது நிமிடத்தில் தரை தெரிந்தது. மெகரு உள்ளறைக் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு அவளிடம் போனேன். "துணிமணி எடுத்து வை மெகரு. சாயங்காலப் படகுக்குப் போயிரலாம்." காதர் நனைந்த சாக்குகளைப் பிரித்து வெயிலில் போட எடுத்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நின்றார்.

மெகரு கட்டிலிலிருந்து இறங்கி ஈரத் தரையைக் காலால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவு நேரம் நின்னுச்சுண்ணே தண்ணி?"

"சுவர் இல்லேன்னா ரெண்டு, ரெண்டரை மணி நேரம்."

"வருஷத்துக்கு எத்தன நாளு?"

காதர் சொன்னார்: "கார்த்திகை, மார்கழியில ஒவ்வொரு வாவுக்கும் நாலு நாளு. ஆடியில கொஞ்சம்."

"அப்ப வீடு முழுக்க எதுக்குக் காக்கணும்? இந்த ஒரு அறைய உசத்துங்க. பிள்ளையத் தூக்கிட்டு ரெண்டு மணி நேரம் நான் உக்காந்திருக்க எடம் போதும். சாக்கையும் இதுலயே ஏத்திக்கலாம். கீழ வந்தா வந்துட்டுப் போகட்டும்."

எனக்கு இது தோன்றவேயில்லை. முப்பது வருடமாகச் சுவர் வைக்கிறவன்.

எவ்வளவு உயர்த்துவது என்பதை இந்த முறை ஔசேப்பிடம் கேட்டேன். தண்ணீர் இறங்கிய நேரத்தில் தன் வீட்டுத் துறையில் நட்டிருந்த தென்னந்தூணைக் காட்டினார். அடியிலிருந்து ஓர் உயரம்வரை சிப்பி அடர்த்தியாக ஒட்டியிருந்தது. தினமும் தண்ணீர் தொடுகிற இடம்வரைதான் சிப்பி வளருமாம். அதற்கு மேலே தூணில் ஒரு கறுப்புப் பட்டை. அது வாவு நாட்களில் தண்ணீர் தொட்ட இடம். அதற்கும் மேலே மரம் வெளுத்திருந்தது. "இவிடம் என் அப்பன் காலத்திலும் நனைஞ்சிட்டில்ல," என்று விரல் வைத்தார். அவர் அப்பன் காலத்திலும் அங்கே நனைந்ததில்லையாம். முதல் நாளே இந்தத் தூணை நான் பார்த்திருக்கிறேன். வெறும் அழுக்கு என்று நினைத்தேன். நான் வந்தது எட்டாம் பிறை. மாதத்திலேயே தண்ணீர் மிகக் குறைவாக ஏறி இறங்குகிற நாட்கள் அவை. சந்தில் ஒரு சொட்டும் வராத அந்த நாட்களைப் பார்த்து, தண்ணீருக்கு வழி பின்வாசல் ஒன்றுதான் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயைப் பிடித்து, கறுப்புப் பட்டையின் மட்டத்தை உள்ளறைச் சுவருக்குக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் ஒரு சாண். பின்வாசலில் நான் கட்டிய சுவரை முழுக்கப் பெயர்த்து, அதே கல்லில் உள்ளறையின் வாசலில் விளிம்பு கட்டி, உள்ளே கல்லும் மணலும் நிரப்பி மேலே கல் பரப்பினோம். அறை எட்டடிக்கு ஏழடி. மூன்று பேர், ஒன்றரை நாள். ஔசேப்பு கூலி வாங்கவில்லை. மெகரு வைத்த கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் போதுமென்றார். "உங்க நாட்டில் குடம் எடுத்து வெள்ளத்தைத் தேடி நடக்கணும்," என்று அவளைச் சீண்டினார். "இவிடெ வெள்ளம் குடத்தைத் தேடி வரும். எதாணு நல்லது, பற மோளே." எது நல்லது, சொல் மகளே என்கிறார்.

"இது குடிக்கிற தண்ணியா சேட்டா? குடிக்கிறதுக்கு நான் பைப்படியில ஒரு மணி நேரம் நிக்கிறேனே, அத யார் சொல்றது," என்றாள் மெகரு.

பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். அந்த முறையில் தண்ணீர் மிக அதிகமாக ஏறியது அன்றுதான். காலை ஆறு மணிக்கு முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒன்றாக வந்தது. இரண்டு கதவும் திறந்தே இருந்தன. ஔசேப்பையும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் உள்ளறையில் சாக்குக் கட்டுகளின் நடுவில் உட்கார்ந்து சாயா குடித்தோம். கீழே கூடத்தில் ஒரு செருப்பு மெதுவாகச் சுற்றிவந்தது. நான் ஒரு குச்சியை வைத்து விளிம்பிலிருந்து அளந்துகொண்டே இருந்தேன். விளிம்புக்கு ஒரு சாணும் இரண்டு விரலும் கீழேயே வந்து நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் நின்று, இறங்கத் தொடங்கியது.

பத்து மணிப் படகுக்கு நான் கிளம்ப வேண்டும். பையைக் கட்டிவிட்டு, என்ன சொல்வாளோ என்று மெகருவைப் பார்த்தேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீண்ட விளக்குமாறால் கூடத்துச் சேற்றைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன முடிவு மெகரு?"

"தண்ணி இறங்குதுண்ணே. இதோடயே சேத்தத் தள்ளி விட்டாத்தான் உண்டு. காஞ்சுட்டா உப்போட சேந்து கல்லாப் பிடிச்சிரும். நீங்க பார்த்துப் போங்க." அதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

காதர் என்னைப் பார்த்தார். பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். நான் பையைச் சாக்குமேல் வைத்துவிட்டு இன்னொரு விளக்குமாற்றை எடுத்தேன். பத்து மணிப் படகு போய்விட்டது. பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது.

நம் ஊரில் அமராவதி ஆற்றில் வெள்ளம் வந்தால் பத்து வருடத்துக்குப் பேசுவோம். இன்னார் வீடு போயிற்று, இந்த மரம்வரை வந்தது என்று. அங்கே படகில் என்னோடு வந்தவர்கள் எல்லார் காலிலும் அன்று காலைச் சேறு காய்ந்திருந்தது. அவர்கள் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இரவு எட்டரைக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். என் மனைவி விளக்கோடு வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மெகரு எங்கே?"

"அவ வீட்டக் கூட்டிக்கிட்டிருக்கா," என்றேன்.