முதல் சிரட்டை

பக்கத்து வீட்டில் இறக்கியிருந்த மணலில் இன்று மழை பட்டு எழுந்த ஈர வாசனை, எண்பதுகளின் சாய்ந்தமருதுக்கு, கடலைப் பார்த்துக் கிடந்த எங்கள் பின்வளவுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. பின்னேரம் அஸர் தொழுத பிறகு உம்மா அங்கே மணலைக் குவித்து, ஆளுக்கொரு சிரட்டை தந்து, எனக்கும் தம்பிக்கும் அரிசிக்கடை வைத்துக் கொடுப்பார். நாங்கள் அளந்து அளந்து கொட்ட, அலைச் சத்தத்தையும் மீறி எண்ணிக்கை அடுப்படி வரை கேட்க வேண்டும். வீட்டில் அரிசி அளக்கும்போது அல்லாஹ் குறைவில்லாமல் பெருக்கட்டும் என்று சொல்வதுபோல, எங்கள் கடையிலும் முதல் சிரட்டை ஒன்று அல்ல, 'பறக்கத்து'. அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று.

முதலாம் வகுப்பில் டீச்சர் எண்ணச் சொன்னபோதும் நான் பறக்கத்தில்தான் தொடங்கினேன். வகுப்பே சிரித்தது. இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கிணற்றடியில் நின்று அழுதேன்.

உம்மா சிரட்டையைக் கழுவி என் கையில் வைத்தார்.

"அங்க ஒண்டெண்டு சொல்லு மகள். இங்க பறக்கத்துதான். நாளைக்குப் போகத்தான் வேணும்."

போனேன்.

பல வருடங்களுக்குப் பிறகு கடல் வந்து அந்த வளவையும் வீட்டையும் கிணற்றையும் எடுத்துக்கொண்டது. முகாமில் கிடைத்த அரிசியை உம்மா தகரப் பால்பேணியால் அளந்தார். முதல் பேணியைப் பானையில் கொட்டும்போது அவருடைய குரல் உரக்கக் கேட்டது.

"பறக்கத்து."