சனி தரிசனம், அனுமதி இலவசம்

வான்மதி அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்து கம்பெனியின் லேபில் வேலை பார்ப்பவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மட்டும், பக்கத்துச் சின்னப் பல்கலைக்கழகத்தின் வானாய்வுக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார். சம்பளம் கிடையாது. விரல் விறைக்கும் குளிரிலும் டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்து, யார் வந்தாலும் தானே முதல் தடவை பார்ப்பதுபோல ஆசையாகக் காட்டுவார். ஆனால் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இந்த முறையும் கூட்டம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

வான்மதி கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் யுனிவர்சிட்டியில் சனி தரிசனம். அனுமதி இலவசம்." அவசரத்தில் டெலஸ்கோப் என்ற சொல் விட்டுப்போனது.

அந்தச் சனிக்கிழமை பார்க்கிங் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு எள் விளக்கு.

"விளக்கு எங்கம்மா ஏத்தணும்? ஐயர் வந்தாச்சா?" என்று கேட்டார் நாகலக்ஷ்மி ஆன்ட்டி. கோயில் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வான்மதிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "பூஜை இல்ல ஆன்ட்டி. டெலஸ்கோப்ல சனி கிரகத்த பாக்கறது."

"சனிய நேருக்கு நேரா பாக்கறதா? கோயில்லயே ஒதுங்கி நின்னுதானே கும்பிடறோம்? நல்லா கூப்பிட்ட போ."

ஆன்ட்டி கார் சாவியை எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். துறைத்தலைவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வான்மதி கெஞ்சவில்லை. மூடநம்பிக்கை என்று சிரிக்கவும் இல்லை.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம். இந்தக் குழாய்தான் அவர நேரா பாக்குது. நீங்க கண்ண வெக்கறது பக்கவாட்டுல, இங்க. உள்ள கண்ணாடி இருக்கு, அதுல பட்டுத் திரும்பறதத்தான் பாப்பீங்க. நீங்க ஒதுங்கித்தான் நிக்கறீங்க. விளக்க மட்டும் ஏத்தாதீங்க, வெளிச்சத்துல அவர் தெரிய மாட்டார்."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன..." என்றபடி ஆன்ட்டி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏங்க, இங்க வாங்க," என்று கணவரைக் கூப்பிட்டார். "மெல்லிசா ஒட்டியாணம் போட்ருக்காரு. ஒதுங்கி நின்னு பாருங்க."

வரிசை கார்கள் வரை நீண்டது. ஒவ்வொருவரையும் வான்மதி பக்கவாட்டில் நிறுத்திக் காட்டினார். கிளம்பும்போது ஆன்ட்டி கேட்டார்.

"அடுத்த வாட்டி யாரு?"

"குரு, ஆன்ட்டி. ஜூபிட்டர்."

"குருவ யாராவது சனிக்கிழமை பாப்பாங்களா? வியாழக்கிழமைக்கு மாத்தச் சொல்லு."

வான்மதி அதைத் துறைத்தலைவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் ஒரு கணம் வரிசையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, எந்த வியாழக்கிழமை காலியாக இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.