மாசியில் எங்கே உட்காருவது

மாசி மாதத்தில் தூண்டில் போடுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதற்காக அவற்றை நான் குறைத்துக்கொண்டதில்லை. பனி இறங்கும் நாட்களில் மீன் ராத்திரி முழுக்க ஆழத்தில் கிடக்கும். விடியற்காலையில் அதன் மூஞ்சிக்கு நேராகப் புழுவைக் காட்டினாலும் வாயைத் திறக்காது. வெயில் ஏறி, ஆழம் இல்லாத ஓரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகுதான் அங்கே மேய வரும். ஆகவே மாசியில் சீக்கிரம் எழுந்து ஏரிக்குப் போகிறவன் முட்டாள். சீக்கிரம் எழுந்து மதகடி ஆழத்துக்குப் போகிறவன் முழு முட்டாள். ஊரில் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் அதைக் கேட்பது உண்மையில் அவசியமாக இருந்தது. அன்றைக்கும் என் பேச்சை யாரும் மதிக்கவில்லை.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அரசாங்க வேலையில் எங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊருக்கு ஊர் சாலை மறியல். மறியல் என்றால் ரோட்டில் உட்காருவது இல்லை, ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்ப்பது. எங்கள் ஊர்க்காரர்களும் சாய்த்தார்கள். காலனியில் இருந்தவர்கள் அந்த நாட்களில் வெளியே வரவே பயந்தார்கள். அவர்களைக் கேட்டால் இந்தக் கதையில் சிரிப்புக்கு இடம் இருக்காது.

அடுத்து போலீஸ் ஜீப் வந்தது. பிடித்தால் கேஸ். கேஸில் பெயர் ஏறினால், வேலைக்கு முன்னால் நடக்கும் போலீஸ் விசாரணையில் அது தெரிந்துவிடும், வேலை போய்விடும். அரசாங்க வேலை கேட்டு மரம் வெட்டியவனுக்கு, மரம் வெட்டியதாலேயே அரசாங்க வேலை கிடைக்காது. மரம் சாயும்வரை இது யாருக்கும் தோன்றவில்லை.

என் தங்கையின் கணவர் அப்போது தேர்வு எழுதி, நேர்காணலும் முடித்து, அந்த விசாரணைக்காகத்தான் காத்திருந்தார். வரப்போகும் வேலையை நம்பித்தான் என் அப்பா பெண்ணைக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ஓரமாக நின்று கோஷம் போட்டிருந்தால் போதும். வலியப் போய்க் கோடாலியைக் கேட்டு வாங்கி வெட்டினார். என்னோடு படித்த நண்பன் ஒருவன், ஊரிலேயே நன்றாகப் படித்தவன், அவனும் ஒரு தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். அவனும் வெட்டினான். நான் வெட்டவில்லை. கொள்கை கிள்கை எதுவும் இல்லை. அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது, ஏரிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வெட்டியவர்களில் நாலைந்து பேர் எங்கள் வீட்டில் கூடினார்கள். மலையேறிக் கரியாலூர்ப் பக்கம் போய்விட்டால் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது என்றார் மாப்பிள்ளை.

"எதுல போறது? பஸ்ஸு ஓடலியே" என்றான் நண்பன்.

பஸ் ஏன் ஓடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அவனே ஒரு யோசனை சொன்னான்.

"ஏரியில போய் மீன் புடிக்கிற மாரி உக்காந்துக்கலாம். ஜீப்பு வந்தா இன்னா பண்ணுவான்? மீன் புடிக்கிறவனப் புடிக்க சட்டம் கெடையாது."

மீன் பிடிக்கிற மாதிரி என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் விஷயம் என்பதால் உள்ளே நுழைந்தேன். பெரிய ஏரி குத்தகையில் இருந்தது, காவல்காரன் துரத்துவான். நைனார்பாளையத்து வழியில் இருந்த ஏரியில் கணுக்கால் தண்ணீர்கூட மிஞ்சவில்லை. எங்கள் ஊர்ச் சித்தேரி ஒன்றுதான் பாக்கி. அதில் எங்கே உட்காருவது என்பதில்தான் சண்டை வந்தது.

"விடியறதுக்குள்ள போயிடணும். மதகாண்ட கோரை ஆள் ஒசரம் இருக்குது. உள்ள உக்காந்தா வெளிய தெரியாது" என்றான் நண்பன்.

"மாசில காலங்காத்தால மதகாண்ட எவன்டா தூண்டி போடுவான்? வெயில் ஏறட்டும். ரோட்டோரமா ஆழம் கம்மியா இருக்குதே, அங்க உக்காரலாம். அங்கதான் மீன் வரும்."

"ரோட்டாண்டயா? உனுக்குப் பைத்தியமாடா? ஒளியப் போறமா, மீன் புடிக்கப் போறமா?"

"மீன் புடிக்கிறவன் எதுக்குடா ஒளியறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு மீனை விட்டால் உலகமே கிடையாது என்று சொல்லிவிட்டு நண்பன் மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனான். மாப்பிள்ளைக்கும் அவர்களோடு போகத்தான் ஆசை. "எங்கண்ணங்கூடப் போங்க. அவருதான் மரம் வெட்டல" என்று என் தங்கை ஒரே போடாகப் போட்டுவிட்டாள். என் மீன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

காலையில் மாப்பிள்ளை கோழி கூவும்போதே எழுந்து கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் வெயில் வாசலுக்கு வரும்வரை படுத்திருந்தேன், டீ குடித்தேன், புழு தோண்டினேன். பிறகு தூண்டில் கழிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். எதிரில் போலீஸ் ஜீப் வந்தது, எங்களைத் தாண்டி மதகுப் பக்கம் போயிற்று. என் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சட்டையை இறுக்கிப் பிடித்ததில் பித்தான் தெறித்தது.

ரோட்டோரக் கரையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளைக்குப் புழு கோக்கத் தெரியவில்லை. தொட்டதும் கையை உதறினார். அவ்வளவு பெரிய புளியமரத்தை வெட்டிய மனிதர். நானே கோத்து, முள்ளுக்கு ஒரு சாண் மேலே தக்கையைக் கட்டிக் கொடுத்தேன். தண்ணீர் இதமாக இருந்தது. மீன் வரும் என்று தெரிந்தது.

மீனுக்கு முன்னால் ஜீப் வந்துவிட்டது. மதகுப் பக்கமிருந்து திரும்பி வந்து எங்களுக்கு அருகில் நின்றது. ஜீப்பின் பின் சீட்டில் நண்பனும் மற்றவர்களும் குளிரில் விறைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஏட்டு ஒருவர் இறங்கி வந்து எங்கள் தக்கைகளைப் பார்த்தார்.

"மதகாண்ட நடுங்கிக்கினு உக்காந்திருந்தானுங்க. மீன் புடிக்கிறானுங்களாம். இந்தப் பனியில அங்க இன்னாடா மீனுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் பதில் இல்ல." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரு சாண் பத்தாது. ரெண்டு சாண் வை."

சரிங்க என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"தண்ணியே ரெண்டு சாண்தாங்க. முள்ளு சேத்துல பூந்துக்கும்."

"கெளுத்தி சேத்துலதான்யா மேயும்."

"கெளுத்திக்கு யாருங்க வந்தது? இது ஜிலேபி மீனு மேயற எடம்."

"நான் திருநாவலூர்ப் பக்கம். எனக்கே ஏரிய சொல்லித் தரியா?"

"அந்த ஏரி வேறங்க, இந்த ஏரி வேற."

மாப்பிள்ளை என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய தக்கை முங்கியது. பயத்தில் இரண்டு கையாலும் அவர் இழுத்த இழுப்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி எங்கள் தலைக்கு மேலே பறந்து ரோட்டில் விழுந்தது. நான் ஏட்டைப் பார்த்தேன். ஒரு சாண் ஜெயித்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஏட்டு மீனை முள்ளிலிருந்து பக்குவமாகக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார். வாங்க நீட்டிய கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், சில உடைந்திருந்தன.

"தூண்டி புடிச்சா கையில கொப்பளம் வருமா தம்பி?"

எனக்குத் தங்கையின் முகம்தான் கண் முன்னால் நின்றது. ஏட்டு ஜீப்பைத் திரும்பிப் பார்த்து நண்பனைக் கூப்பிட்டார்.

"ஏய், நீதான் படிச்சவன். நெஜத்தச் சொல்லு. இவன் உங்கூட இருந்தானா?"

நண்பன் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இல்லீங்க. இவுங்க மீன் புடிக்கிறவங்க."

ஏட்டு அதை நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. மீனை மட்டும் ஒரு தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, ரெண்டு சாண் வைத்துப் பார் என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. ரோட்டுப் பராமரிப்பில். ரோட்டோர மரங்களுக்கு நம்பர் போடுவதும் அவர் வேலையில் ஒரு பகுதி. நண்பனின் கேஸ் வாய்தா வாய்தாவாக வருஷக்கணக்கில் இழுத்தது. அதற்குள் ஒதுக்கீடும் வந்தது. கேஸிலிருந்து அவனை விடுவித்தபோது அவனுக்கு வேலைக்கான வயது தாண்டியிருந்தது. அப்பாவின் நிலத்தில் கரும்பு போட்டான்.

மாப்பிள்ளை ஓய்வு பெற்றபோது கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். மாலையோடு மேடையில் நின்று தாய் தந்தைக்கும், குலதெய்வத்துக்கும், போராட்டத்துக்கும் நன்றி சொன்னார். நண்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போனான். அவன் பெயர் அந்த நன்றியில் வரவே இல்லை.

அதுவும் ஒரு மாசி மாதம்தான். மறுநாள் வெயில் ஏறிய பிறகு நானும் நண்பனும் அதே ரோட்டோரக் கரையில் உட்கார்ந்திருந்தோம். இப்போதெல்லாம் அவனும் அங்கேதான் உட்காருவான். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அன்னிக்கு ஏட்டாண்ட ஏன்டா அப்படிச் சொன்ன? நான் வெயில்ல வந்து உக்காருன்னு சொன்னேன், கேக்கல. மாப்புள்ளயாவது உன் பேரச் சொல்லியிருக்கணுமா இல்லியா, நேத்து?"

அவன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வுடுடா. நம்மள்ள ஒருத்தனாவது வேலைக்குப் போவணும்னுதான மரத்த வெட்டனோம்."

புழு டப்பாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.