நைனாவின் இடது கால்

கருவாட்டு வாசனையும் கியர் ஆயில் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் நைனாவின் லுங்கி அப்படித்தான் இருக்கும். நைனா என்றால் அப்பா. பழவேற்காட்டுப் பக்கம் எங்களுக்கு வாயில் அப்படித்தான் வரும்.

நைனா எங்கள் குப்பத்து டிராக்டர் டிரைவர்.

ஆரம்பாக்கத்தில் யாரோ வயலில் ஓட்டிக் கழித்த சிவப்பு டிராக்டர் அது. குப்பத்தார் சேர்ந்து வாங்கினார்கள். என்னைவிட மூத்தது. எங்களிடம் வந்தபின் அதற்கு உழவு வேலை கிடையாது. கடலிலிருந்து வரும் ஃபைபர் போட்டின் அணியத்தை, அதாவது முன்மூக்கை, பின்னாலிருக்கும் லிஃப்ட் கைகளில் கட்டி, பாதி உயரம் தூக்கி, மணல் மேலே இழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நைனாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு அலையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பார். எத்தனை கேலி கேட்டிருப்பார், பாவம்... அந்த டிராக்டர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் குப்பத்தில் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. கிளட்சை மிதித்தால் லிஃப்டும் செத்துப்போகும். பம்ப் கியர் பாக்ஸோடு சேர்ந்து சுற்றுவதால் அப்படி. தூக்கிய போட் மெல்ல மெல்ல இறங்கிவிடும். ஒருநாள் அப்படி இறங்கியதில், கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த கன்னியப்பன் சித்தப்பாவின் கட்டைவிரல் நசுங்கியது. சித்தப்பா நைனாவின் கூடப் பிறந்த தம்பி. நைனா அன்று சோற்றைத் தொடவே இல்லை.

நான் அப்போதுதான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருந்தேன். தலைக்கனம் கேட்கவா வேண்டும்?

"பம்பை நேரா இன்ஜின்லயே மாட்டிடலாம் நைனா. கிளட்ச் மிதிச்சாலும் லிஃப்ட் உயிரோட இருக்கும்."

"உயிரோட இருக்குமா? இன்னாமா சொல்ற, பயமா கீதே!"

மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் சும்மா கிடந்தன. பொன்னேரியில் பழைய இரும்புக் கடையைக் குடைந்து ஒரு பம்ப் எடுத்தேன். இன்ஜின் முன்னாலிருக்கும் புல்லியிலிருந்து பெல்ட் போட்டு ஓடவிட்டு, இரண்டு ஹோஸ் இழுத்து இணைத்தேன். சிமெண்ட் கட்டையைக் கட்டி நானே லிவரைப் பிடித்துச் சோதித்தேன். ஏற்றினால் ஏறியது. லிவரை நடுவில் வைத்தால் நின்றது. கிளட்சை மிதித்தாலும் இறங்கவில்லை! நைனா கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியையா என்னையா, இன்றுவரை தெரியாது.

தடை முடிந்து முதலில் வந்த போட் சித்தப்பாவுடையது. நைனா தூக்கினார். அணியம் ஏறியது... ஏறியது... ஏறிக்கொண்டே போனது.

"நிறுத்து! நிறுத்துண்ணா!"

"நிறுத்திட்டேன்டா!"

போட்டின் பின்பக்கம் மணலில் குத்தி, படீரென்று ஃபைபர் பிளந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா உருண்டு தப்பித்தார்.

பெல்ட், ஹோஸ், வால்வு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. நைனா நிறுத்தியதாகச் சத்தியம் செய்கிறார். நைனா பொய் சொல்லமாட்டார். மெஷினும் பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி? மண்டை காய்ந்துவிட்டது எனக்கு. படித்தது அத்தனையும் சந்தேகமாகிவிட்டது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற ஆளத்தான் உக்கார வெக்கணும்" என்றார் குப்பத்துப் பெரியவர் ஒருவர். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். "எப்பவும் தூக்குற மாதிரி சும்மா தூக்கு நைனா."

லிவரை ஒரேயடியாக மேலே தள்ளினார். பாதி உயரம் வந்ததும் அவருடைய இடது கால் கிளட்சை மிதித்தது. லிஃப்ட் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். சீட்டைவிட்டு எழுந்தே அழுத்தினார். முகமெல்லாம் குழப்பம்.

"எதுல நிறுத்துற நைனா?"

"லிவர்லதான்."

"கை அசையவே இல்லியே..."

கையைப் பார்த்தார். அப்புறம் காலைப் பார்த்தார். லிவரை நடுவில் பிடித்து நிறுத்துகிற பல் தேய்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அன்றிலிருந்து லிஃப்டை நிறுத்தியது அந்தக் கால்தான். அது அவருக்கே தெரியாது. நான் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வியாதி என்று நான் சரிசெய்ததை வைத்துத்தான் மனுஷன் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்.

"புது பம்பக் கழட்டிடட்டுமா?"

"வேணா. கன்னியப்பன் வெரல நென்ச்சா பயமா கீது. காலுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்."

லிவருக்குப் புதுப் பல் வெட்டிப் போட்டேன். அவர் இடது காலில் செருப்பைக் கழற்றினார். வெயிலில் பெடல் சுடுமாம், சுட்டால் ஞாபகம் வருமாம்!

ஒட்டுப்போட்ட போட்டோடு சித்தப்பாதான் மறுபடி முதலில் வந்து நின்றார். யாரும் பக்கத்தில் வரவில்லை. அவர் மட்டும் அணியத்தில் கை வைத்துக்கொண்டு, "தூக்குண்ணா" என்றார்.

பாதி உயரத்தில் நின்றது.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஒற்றைச் செருப்போடுதான் ஓட்டினார்.

இப்போது குப்பத்தில் புது டிராக்டர், புது டிரைவர். நான் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறேன். எந்த மெஷினை மாற்றச் சொன்னாலும், முதலில் அதை ஓட்டுகிறவரின் காலைத்தான் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு ஏனென்று புரியாது.

போன வாரம் நைனா எங்கள் அபார்ட்மெண்டுக்கு வந்தார். லிஃப்டில் ஏறுமுன் இடது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் பட்டனை அழுத்தினேன்.

நாலாவது மாடி நெருங்கும்போது அந்தக் கால் மெல்லத் தரையை அழுத்தியது. லிஃப்ட் நின்றது.

"பாத்தியாமா... இது கேக்குது" என்றார்.

"ஆமா நைனா" என்றேன்.