வீட்டுக்காரர கூட்டிட்டு வாம்மான்னு சொன்னது நான்தான்

இன்னிக்கு என் குட்டியானைக்கு ஒரு பொண்ண டிரைவரா வெச்சிட்டேன்.

(தும்பிக்கை இருக்கற குட்டியானை இல்லீங்க, லோடு வண்டி!)

மூக்கண்டப்பள்ளில எனக்கு கடை. சுத்தி இருக்கற கம்பெனிங்களுக்கு க்ளவுஸ், சேஃப்டி ஷூ, மெஷின் துடைக்கற வேஸ்ட் துணி சப்ளை. பழைய டிரைவர் ஸ்டேட் பார்டர் தாண்டி வேலைக்குப் போயிட்டாரு. பத்து நாளா வாடகை வண்டிதான். வர்ற லாபம் அதுக்கே போகுது.

காலைல நிர்மலான்னு ஒரு பொண்ணு வந்துச்சி. ஊரு கெலமங்கலம். அப்பாவோட தக்காளி வண்டிய ஓட்டிப் பழகுனது. நடுவுல ஒரு வருஷம் கம்பெனி லோடும் அடிச்சிருக்குது. லைசென்ஸ எடுத்து மேசைல வெச்சிச்சி.

எங்க கடை சந்துல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். பழைய டிரைவருக்கே மூணு தடவை ஆகும் (ஒரு தடவை பக்கத்து வீட்டு தண்ணி பைப்பே போச்சி!). இது ஒரே வளைப்புல உள்ள விட்டுச்சி.

அதோட நான் வாய மூடியிருக்கணும்.

"நாளைக்கு வீட்டுக்காரர கூட்டிட்டு வாம்மா, பேசி முடிச்சிக்கலாம்."

"ஏன்க்கா, அவரா ஓட்டப் போறாரு?"

லோடு ஏத்தற சந்திரப்பா மூட்டைய கீழ போட்டுட்டு சிரிக்கறாரு. "சரியாகி கேளிதளு அக்கா!" (கன்னடம். சரியாத்தான் கேட்டாளாம்!)

எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல.

ஏன்னா இந்தக் கடைய வாடகைக்கு கேட்டு வந்தப்ப, ஓனர் எங்கிட்டயும் இதையேதான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் ஷிஃப்டுக்கு லீவு போட்டு வந்தாரு. ஒரு டீ குடிச்சாரு, கையெழுத்து போட்டாரு, போயிட்டாரு. அட்வான்ஸ் என்னுது, அக்ரிமெண்ட் அவரு பேர்ல!

எங்கம்மா கதை இன்னும் மோசம். கல் குவாரில ஜல்லி உடைச்சிது. சனிக்கிழமை ஆனா அம்மாவோட கூலிய மேஸ்திரி எங்கப்பா கைலதான் குடுப்பாரு. அம்மா பக்கத்துலயே நிக்கும்.

இத்தனையும் பாத்துட்டு, இன்னிக்கு சேர்ல உக்காந்துக்கிட்டு நானும் அதே டயலாக்!

"தப்புதாம்மா. உக்காரு. உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு."

"சம்பளம் அப்புறம் பேசலாம்க்கா. கம்பெனி கேட்ல ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் நிக்க வெக்கறாங்க. ஆம்பளைங்க எங்கியாச்சும் ஒதுங்கிடறாங்க. நான் எங்க போறது? போன வேலைல பொழுதுக்கும் தண்ணியே குடிக்காம ஓட்டுனேன். யூரின் இன்ஃபெக்ஷன் வந்துதான் வேலைய விட்டு நின்னேன்."

அந்த கேட்டுக்குள்ள நானும்தான் போறேன். எனக்கு விசிட்டர் பாஸ், ஏசி ரூம். வெளிய நிக்கற வண்டிய ஒரு நாளும் யோசிச்சதில்ல.

நிர்மலா முன்னாடியே என் பெரிய கஸ்டமருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கர்ல.

"சார், இனிமே என் வண்டிக்கு லேடி டிரைவர். உங்க லேடீஸ் டாய்லெட்டுக்கு அலோ பண்ணணும்."

"மேடம், வெளி டிரைவருங்கள உள்ள விட மாட்டோம். ஆம்பள டிரைவர போடுங்களேன், ஈஸி."

நிர்மலா லைசென்ஸ எடுத்து பைக்குள்ள வெக்க ஆரம்பிச்சிச்சி.

என் வியாபாரத்துல பாதி அந்த கம்பெனிதான். இருந்தாலும் கேட்டுட்டேன்.

"உங்க ப்ரொடக்ஷன் லைன்ல பூரா பொண்ணுங்கதான சார் வேலை செய்யுது? அதுங்க கைக்கு திங்கக்கிழமை க்ளவுஸ் வேணுமா, வேணாமா?"



"...செக்யூரிட்டிகிட்ட சொல்லி வெக்கறேன் மேடம். வண்டி நம்பர் அனுப்புங்க."

லைசென்ஸ் திரும்பி மேசைக்கு வந்துச்சி!

அப்புறம்தான் பேரம். நிர்மலா இருபத்தி நாலாயிரத்துல நின்னுச்சி, நான் இருபதுல நின்னேன் (பாவம் பாத்து வியாபாரம் பண்ற ஆள் நான் இல்ல, உங்களுக்கே தெரியும்!).

கடைசில முடிஞ்சது இதான்: மாசம் இருபத்தி ரெண்டாயிரம், ஞாயித்துக்கிழமை லீவு. சம்பளம் நிர்மலா பேர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்கு மட்டும். டாய்லெட் தொறக்காத கேட்டுக்கு நம்ம வண்டி போகாது.